போகாத பியூஸ்

எபினேசர் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி எலக்ட்ரீஷியன். தினமும் காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பாதுகாப்பு உறுதிமொழி வாசிப்பது அவன்தான். போன வருடம் பாதுகாப்பு வாரத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கு பரிசு வாங்கியவன். அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் கையாலேயே பக்கத்து வீட்டுக்குக் கொள்ளி வைத்துவிட்டான்.

பக்கத்து வீட்டு சுகிர்தா ஃபிரிட்ஜ் ஓடும்போது கரண்ட் அடுப்பைப் போட்டால் பியூஸ் போய்விடும். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில். வாரத்துக்கு நாலு தரம் "எபிண்ணா" என்று வந்து நிற்பாள். அலுத்துப்போன எபினேசர், கம்பெனியில் மிஞ்சிய தடித்த செம்புக் கம்பியைப் பியூஸ் கட்டையில் முறுக்கிக் கொடுத்தான்.

"இனிமே இடியே வுழுந்தாலும் இது போவாதும்மா" என்று பீற்றிக்கொண்டான்.

போகவில்லைதான். வெள்ளிக்கிழமை சுகிர்தா அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போன நேரம், எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடேறி உருகி, பக்கத்துத் திரைச்சீலையில் பற்றிக்கொண்டது. பழைய மெல்லிய கம்பியாக இருந்தால் அப்போதே அறுந்து கரண்டை நிறுத்தியிருக்கும். யாருக்கும் காயமில்லை, ஆனால் முன்னறை முழுக்கக் கரி. முதலில் ஓடிப்போய் மெயினை அணைத்தவன் எபினேசர். அணைத்த கையோடு பியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஏன் என்று தனக்கே தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டான். தெரியாமல் என்ன, நன்றாகத் தெரியும்.

பழி மெழுகுவத்திமேல் விழுந்தது. அன்று உபவாச ஜெபத்துக்கு சுகிர்தா முன்னறையில் ஏற்றியது. "அத்த அணைக்காம போய் ஊட்டையே முழுங்கிட்டாளே!" என்று மாமியார் சாராள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "கொஞ்ச நாளு கடம்பத்தூர்ல உங்கம்மா ஊட்ல போய் இரு" என்றுவிட்டான் புருஷன் அன்புசெல்வன். சுகிர்தா கரிச் சுவரைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள். அதுதான் எபினேசரை அறுத்தது.

திங்கட்கிழமை காலை உறுதிமொழி அட்டையைக் கையில் எடுத்தான். "வேலையிடத்திலும் வீட்டிலும்..." என்று பாதியில் நிறுத்தினான். அட்டையைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு, லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. சுகிர்தா துணிப்பையோடு ஏறப்போனாள்.

எபினேசர் பியூஸ் கட்டையைச் சாராளிடம் நீட்டினான். "சாராம்மா, மெழுகுவத்தி இல்ல. இதான். நான் சுத்தி வெச்ச கம்பி. அன்னிக்கே உருவி ஒளிச்சிட்டேன். அவ மேல ஒண்ணும் இல்ல."

சாராள் கட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அன்புசெல்வன் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தான். அடி விழுந்தாலாவது தேவலை என்று எபினேசர் அசையாமல் நின்றான்.

சுகிர்தா பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கட்டையையே பார்த்தாள்.

"மூணு நாளா கண்ண மூடுனா அந்த மெழுகுவத்திய ஊதி ஊதி அணைச்சிக்கினே இருந்தேண்ணா" என்றாள். "இது உன் பையிலயா இருந்திச்சி?"