படம் தெளிவான பிறகு

அக்கா ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஒரே வீட்டில் அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள், இப்போது வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் ஒருவரை ஒருவர் பார்க்க முடியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் பேசுவது வழக்கமாகிவிட்டது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான்காவது மாடியில் தனியாக இருந்தாள்.

அவளைப் பெரிதாகப் பார்க்கலாம் என்றுதான் தம்பி தள்ளுபடியில் ஒரு டேப்லெட் வாங்கினான். அக்கா முதல் நாளே அதைக் கேலி செய்தாள். "இது சிலேட்டுடா. சார்ஜரைச் சொருகி உன் தலையில கட்டிட்டாங்க" என்றாள். அதில் படம் நின்று நின்று வரும்போதெல்லாம் அவளுக்குக் கொண்டாட்டம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தது. படுக்கையறையில் கட்டிலோரம் டேப்லெட்டைச் சாய்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தான். அக்கா முந்தின நாள் கதையைச் சொன்னாள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்த ஒரு வங்கி அதிகாரி, பூந்தொட்டிக் கடைக்குள்ளேயே காரை விட்டுவிட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னவள், ராத்திரி சரியாகத் தூக்கமில்லை, தலை ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். அதற்குள் படம் உறைந்தது. நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது. திரும்ப வந்தபோது அவள் முகத்தில் பாதி கட்டம் கட்டமாகக் கரைந்திருந்தது. குரல் இழுத்து இழுத்து வந்தது.

"சிலே...ட்டு வேலையக் கா...ட்டுது" என்று அவள் சொன்னதை அவன் ஊகித்துத்தான் புரிந்துகொண்டான்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாள் முழுக்க லிஃப்ட் பலகைகளைக் கழற்றி எது பழுது என்று கண்டுபிடிக்கிறவன், வீட்டு வைஃபையிடம் தோற்பதா? அக்காவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தான். மனைவியின் போனை வாங்கி அதே இடத்தில் வைத்து ஒரு வீடியோவை ஓட்டிப் பார்த்தான். தண்ணீர் மாதிரி ஓடியது. அப்படியென்றால் இணைப்பில் குறையில்லை, டேப்லெட்டில்தான். அதை அணைத்துப் போட்டான். வைஃபையை மறக்கச் சொல்லிக் கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுத்தான். முதுகில் தகடு வைத்த உறையைக் கழற்றினான். சிக்னல் ஒரு கோடு ஏறியது. படுக்கையறைச் சுவர் தடுக்கிறதோ என்று கூடத்துக்கு வந்து மோடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். மனைவி துணி மடித்துக்கொண்டே, "அண்ணி காத்துக்கிட்டிருப்பாங்க, என் போன்லயே பேசுங்களேன்" என்றாள். அவன் கேட்கவில்லை. கடைசியில் பிடிபட்டது. பின்னணியில் ஒரு பெரிய அப்டேட் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. டேப்லெட்டுக்குக் கிடைக்கிற வேகத்தையெல்லாம் அதுவே விழுங்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு பேட்டரி சிக்கனமும் போட்டுவைத்திருந்தது. இரண்டையும் நிறுத்திவிட்டு, ஜெயித்த முகத்தோடு மறுபடி அழைத்தான்.

அக்கா எடுக்க நேரமானது. எடுத்ததும் படம் பளிச்சென்று வந்தது. அவள் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. தம்பி, "இப்ப சொல்லு, சிலேட்டா இது?" என்றான்.

அவள் ஏதோ சொன்னாள். ஆனால் குரல் அதே மாதிரி இழுத்தது. வார்த்தைகள் வாயை விட்டு வழுக்கி விழுந்தன.

அவன் சலித்துக்கொண்டு மறுபடி அமைப்புகளைத் திறக்கப் போனான். தோளுக்குப் பின்னால் வந்து நின்ற மனைவி அவன் கையைப் பிடித்தாள்.

"வைஃபை சரியாத்தாங்க இருக்கு. பின்னாடி பாருங்க."

அக்காவுக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தடங்கலே இல்லை. சமையலறை வாசலில் வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் துணிகள் சுழன்றுகொண்டிருந்தன. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தில் மட்டும் இடது பக்கம் ஓடவில்லை. வாயின் ஓரம் கீழே இறங்கியிருந்தது. 

லிஃப்ட்டில் கயிறு நழுவினால் எப்படி இருக்கும் என்று வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் அவனிடம் கேட்பார்கள். அவன் பதில் சொன்னதில்லை. இப்போது தெரிந்தது.

"அக்கா, ரெண்டு கையையும் தூக்கு" என்றான்.

அவள் வலது கையைத் தூக்கினாள். இடது கை மடியிலேயே கிடந்தது. அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. என்னடா விளையாடுகிறாய் என்பது போலப் பார்த்தாள்.

மனைவி அதற்குள் தன் போனில் அவசர எண்ணை அழைத்துவிட்டாள். அது இந்த ஊர் அலுவலகத்துக்குப் போனது. அந்த ஊருக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். பிறகு பாட்டு ஓடியது. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் எண் எதுவும் இவர்களிடம் இல்லை. இத்தனை வருடத்தில் ஒருவர் பேரையாவது கேட்டு வைத்தோமா என்று தம்பிக்கு உடம்பெல்லாம் பதறியது. அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். படுத்துக்கொள்ளப் போகிறாள் என்று அவள் கைகாட்டியதிலிருந்து புரிந்தது.

படுத்துவிட்டால் யார் போய்க் கதவைத் திறப்பது? அவள் எப்போதும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறவள்.

"அக்கா, படுக்காத. முதல்ல கதவத் திற. தாழ்ப்பாள எடுத்துட்டு அங்கயே கீழ உக்காந்துக்க. நான் சொல்றது கேக்குதா?"

அவன் குரல் அவனுக்கே அன்னியமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து அவளுக்கு அவன் எதையும் கட்டளையிட்டதில்லை. அவளும் கேட்டிருக்க மாட்டாள். இப்போது குழந்தை மாதிரி தலையாட்டிவிட்டு நடந்தாள். இடது கால் தரையில் உரசியது. திரையின் ஓரத்தைத் தாண்டி மறைந்தாள்.

தாழ்ப்பாள் சத்தம் போல ஒன்று கேட்டது. அதன் பின்னாலேயே கனமாக ஏதோ விழுந்த சத்தமும் கேட்டது.

தம்பி கூப்பிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். டேப்லெட்டில் காலி நாற்காலியும் திரைச்சீலையும் மட்டும் இருந்தன.

மனைவி பாட்டு ஓடிய போனைத் துண்டித்துவிட்டு டிரைவிங் ஸ்கூல் எண்ணை இணையத்தில் தேடினாள். அதன் முதலாளியை அக்கா ஹாரன் என்றுதான் சொல்லுவாள். மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருந்ததால் அலுவலகத்தில் எடுத்தார்கள். மனைவி அழாமல், நடந்ததையும் வீட்டு அடையாளத்தையும் சொன்னாள். மறுமுனையில் இருந்தது ஹாரன்தான். சத்தமே இல்லாமல் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், வருகிறேன் என்று. போகிற வழியிலேயே ஆம்புலன்சுக்கும் சொல்லிவிடுவதாகப் பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. தம்பி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரைச்சீலை ஆடுகிறவரை இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திரைச்சீலை நின்றுவிட்டது.

காற்று நின்றுவிட்டதா, படம் நின்றுவிட்டதா? வாஷிங் மெஷின் கண்ணாடியைப் பார்த்தான். அதுவும் சுழலவில்லை. துணி துவைத்து முடிந்துவிட்டதா, அப்டேட் மறுபடி தலை தூக்கிவிட்டதா? நிறுத்தினோமே தவிர ரத்து செய்யவில்லையே என்று நினைவு வந்தது. திரையைத் தொட்டுப் பார்க்கப் பயம். தொட்டால் அழைப்பு அறுந்துவிடலாம். அறுந்தால் அந்தப் பக்கம் எடுக்க ஆளில்லை. விரலைத் தூக்கியபடியே வைத்திருந்தான். மூச்சு விடுகிற சத்தம்கூட இடைஞ்சலாக இருந்தது. மனைவி அவன் முதுகில் கைவைத்திருந்தாள்.

அப்போது டேப்லெட்டுக்குள்ளிருந்து கதவு திறக்கும் சத்தம் வந்தது. ஹாரனின் குரல், இந்த முறை அதன் முழு அளவில், யாரையோ தண்ணீர் கொடுக்காதே, தலையைத் திருப்பிப் பிடி என்று அதட்டியது. திரையின் ஓரத்தில் ஒரு ஜோடிக் கால்கள் ஓடின.

"ஐயா, எங்க அக்கா" என்று தம்பி கத்தினான்.

ஹாரனின் முகம் திரை நிறைய வந்தது. வேர்த்திருந்தது. "மூச்சு இருக்கு தம்பி. கண்ணு முழிச்சிருக்காங்க. உன் பேரத்தான் சொல்லப் பாக்கறாங்க" என்றார்.

ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து அக்காவைத் தூக்கிப் போனார்கள். அப்புறமும் தம்பிக்குப் பயம் அடங்கவில்லை. அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழசு. அதன் கதவு எங்கே எல்லாம் சிக்கும் என்று அவனுக்குத் தெரியும். கீழே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று ஹாரன் போன் செய்கிறவரை அவன் மனம் அந்த லிஃப்ட்டோடு மாடி மாடியாக இறங்கிக்கொண்டிருந்தது.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுகிற நேரம் தாண்டுவதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்றார் டாக்டர். தம்பியும் மனைவியும் கிடைத்த பஸ்ஸில் ஏறி மறுநாள் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா உட்கார்ந்திருந்தாள். இடது கை தலையணைமேல் கிடந்தது. விரல்கள் கொஞ்சம் அசைந்தன. அதைப் பார்த்து அவன் அழுதான். அவள் அழவிட்டாள்.

சாயங்காலம் மனைவி வெளியே போயிருந்தபோது அக்கா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினாள்.

"அன்னிக்கு எனக்கு நான் பேசினது சரியாத்தான்டா கேட்டுச்சு. உனக்குத்தான் கேக்கலன்னு நெனச்சேன்."

அவள் கண்ணில் அதுவரை அவன் பார்த்திராத பயம் இருந்தது. எத்தனையோ பேர் பிரேக்கை மறந்த கார்களில் பக்கத்தில் உட்கார்ந்து போனவள் அவள்.

"இப்ப என் பேச்சு எப்படி இருக்கு? பொய் சொல்லாத."

"கொஞ்சம் இழுக்குதுக்கா. 'ர' வரமாட்டேங்குது."

அவள் தலையாட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில், அந்த எழுத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்கினாள். அவன் அவளுடைய இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.