பொன்மணி அரங்கின் பின்வாசல்

சுங்கை லாலாங்கில் வசிக்கும் குணசுந்தரிக்கு நாடகம் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டிலும், நாடகம் பார்க்கும் கூட்டத்தின் நடுவே உட்கார வேண்டும் என்பதே ஆசை. சர்க்கரை நோய் அவருடைய இடக்காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டு போன பின்னர், அவர் சென்ற இடங்களில் எல்லாம் சக்கர நாற்காலியை ஓரத்திலேதான் நிறுத்தினார்கள். கலியாணமாயின் தூணோரம், விருந்தாயின் கை கழுவும் தொட்டியோரம். ஆகவே, அலோர் ஸ்டாரில் ஏறத்தாழத் தொண்ணூறு வயதான பொன்மணி அரங்கம் பழுது பார்க்கப்பெற்று மீண்டும் திறக்கப்படுகிறது என்றும், முதல் நாளன்று நகைச்சுவை நாடகம் என்றும் கேள்விப்பட்டவுடன், நடுவரிசையில் இரண்டு சீட்டு வாங்கிவிட்டார்.

"அங்கயும் ஓரங்கட்டுனாங்கன்னா, இனி நான் எங்கயும் வர்றதா இல்ல. வீட்டுலயே கெடந்து டிவி பாத்துக்குறேன்" என்று தோழி லோகேஸ்வரியிடம் சொல்லியும் வைத்தார்.

லோகேஸ்வரி, கையுறைத் தொழிற்சாலையில் அவரோடு பல்லாண்டு வேலை பார்த்தவர். வாய்க்குப் பூட்டுப் போடாதவர். மோட்டார் காடியை ஓட்டி வந்தவரும் அவரே. வழியிலே இரண்டு முறை பாதை தவறியமையால், அரங்கை அடைந்தபோது நாடகம் தொடங்க வேண்டிய நேரம் கடந்திருந்தது.

காடியிலிருந்து இறங்கியதும் கண்ணில் பட்டது முன்வாசல் படிக்கட்டு. அகலமான, அழகான, பளபளவென்று தேய்த்து மெருகேற்றிய படிக்கட்டு. சரிவுப் பாதை ஒன்றும் இல்லை.

மார்பில் பட்டுப்பூச் சின்னம் குத்திய செயலாளர் சசிதரன் ஓடிவந்தார். "ஒண்ணும் பிரச்சன இல்லக்கா. நாலு பேரு நிக்கிறாங்க. அலேக்கா தூக்கிருவாங்க."

அந்த நால்வரில் ஒருவர், முதுகுவலிக்குக் கட்டும் பட்டையை இடுப்பில் அணிந்திருந்தார்.

"வேணாம் தம்பி" என்றார் குணசுந்தரி. "போன வருசம் ஒரு கலியாணத்துல இப்பிடித்தான் தூக்குனாங்க. நாக்காலியோட கைப்புடி கழண்டு ஒருத்தர் கையோட போச்சு. நான் போயி மாப்பிள்ளையோட பெரியப்பா மடியில உக்காந்தேன்."

"அவருக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல" என்றார் லோகேஸ்வரி. "அப்புறமும் போன் போட்டு நலம் விசாரிச்சாரு."

குணசுந்தரி படிகளை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நாடகத்துக்கு அரியணை, தூணெல்லாம் கொண்டாந்தீங்களே, அதெல்லாம் இந்தப் படியிலயா ஏறுச்சு?"

"இல்லக்கா. பின்னாடி ஒரு சரிவு இருக்கு. ஆனா அது நேரா மேடைக்குல்ல போவும்?"

"போவட்டும்லா. மேடையும் இந்தக் கட்டடத்துக்குள்ளதான இருக்கு?"

இதற்கு மறுமொழி சொல்வதற்குள் சசிதரனின் கைப்பேசி ஒலித்தது. சிறப்பு விருந்தினரான, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் வருகிற வழியில் இருக்கிறாராம். அவர் அந்தப் பக்கம் ஓட, தோழியர் இருவரும் பின்சந்துக்குத் திரும்பினர்.

நம்மவர் நிகழ்ச்சிகளில், எல்லாருக்கும் பிறகு, நேரம் கடந்து வருகிறவர் எவரோ அவரே சிறப்பு விருந்தினர். இஃது எழுதப்படாத முறை. விருந்தினரை நேரே மேடையேற்றி வரவேற்பதற்காகப் பின்வாசலுக்குள்ளே உறுமி மேளத்தோடு காத்திருந்த இளைஞர்கள் டத்தோவை முன்பின் பார்த்ததில்லை. கதவு திறந்து விருந்தினர் நுழைந்ததும் அடிக்க வேண்டும். அவ்வளவே அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. கதவு திறந்தது. அரக்குப் பட்டுச் சேலையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஓர் அம்மையார், அரசியைப் போல் உருண்டு வந்தார். பின்னாலே கைப்பையைச் சுமந்தபடி ஒரு பெண்மணி. இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

உறுமி முழங்கியது. பன்னீர் தெளித்தார்கள். குணசுந்தரி வாயைத் திறப்பதற்குள் கழுத்திலே ரோஜா மாலையும் தோளிலே பொன்னாடையும் ஏறிவிட்டன.

"லோகா, என்னாடி இது?"

"எனக்கென்ன தெரியும்? சீட்டோட சேத்துக் குடுப்பாங்க போல."

மேளச் சத்தத்தையே அடையாளமாகக் கொண்டு, அவ்வேளையில் திரை விலகியது. அந்தக் காலத்து மேடைகளைச் சற்றே முன்பக்கம் சாய்த்துக் கட்டுவது வழக்கம். பின்னால் நிற்கும் நடிகரும் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. நடிகர்களுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் சக்கரங்கள் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டன. நாற்காலி தானாகவே புறப்பட்டது. லோகேஸ்வரி கைப்பையைப் போட்டுவிட்டுத் துரத்தினார். மேளக்காரர்களோ, இதுவும் வரவேற்பின் ஒரு பகுதி என்று எண்ணி வேகத்தைக் கூட்டினர். குணசுந்தரி, மேடை விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது சக்கரத் தடையை இழுத்து நிறுத்தினார். மாலை மட்டும் நிற்காமல் முன்னே ஆடி, மூக்கில் மோதித் திரும்பியது.

அரங்கம் முழுதும் எழுந்து நின்று கைத்தட்டியது. அப்பொழுதுதான், ஏற்பாடு தெரியாமல் முன்வாசல் வழியாகவே உள்ளே வந்த டத்தோவும், எதற்கென்று அறியாமலே சேர்ந்து தட்டினார்.

குணசுந்தரி கண்ணாடியைக் கழற்றினார். மாடத்தின் மரச்செதுக்கல்கள், தேன்நிற விளக்குகள், அவற்றுக்குக் கீழே வரிசை வரிசையாக முகங்கள். அறிவிப்பாளர் நீட்டிய ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"நான் சிறப்பு விருந்தினர் இல்லீங்க. காசு குடுத்துச் சீட்டு வாங்குனவ. என் எடம் அதோ, நடுவுல காலியா கெடக்கு. எறங்கத்தான் வழி இல்ல."

"அங்கயே இருங்கக்கா. நீங்களே நடிங்க" என்று மாடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

சசிதரன் வியர்வை வழிய மேடைக்கு ஏறி வந்தார். "அக்கா, திரை பக்கத்துல ஓரமா உக்காருங்களேன். ஸ்பெஷல் எடம். யாருக்கும் கெடைக்காது."

"ஸ்பெஷலா இருந்தாலும் ஓரம் ஓரந்தான், தம்பி. எனக்கு எல்லாரோடயும் உக்காரணும். இல்லன்னா இப்பவே வந்த வழியா வீட்டுக்குப் போறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆயினும் குரல் இலேசாக நடுங்கியது. லோகேஸ்வரி அதைக் கேட்டுவிட்டு, முதன்முறையாக வாயை மூடினார்.

குணசுந்தரியின் பார்வை மேடையின் பக்கவாட்டுக்குச் சென்றது. அங்கே நீளமான தடித்த பலகை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.

"அது எதுக்கு?"

"ஸ்பீக்கர் பெட்டிய ஏத்தி எறக்க."

"ஒரு பெட்டி என்ன கனம்?"

சசிதரன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு மரியாதை கருதி வேறெங்கோ பார்த்தார். "உங்கள விட ரொம்பக்கா."

தூக்குவதற்கு நின்ற நால்வரும் இப்பொழுது பலகையைத் தூக்கி வந்து, மேடை விளிம்பிலிருந்து நடுப்பாதைக்குச் சார்த்திக் கட்டினார்கள். முதலில் சசிதரனை இறங்கிக் காட்டச் சொன்னார் குணசுந்தரி. அவர் இறங்கினார், பலகை முனகவும் இல்லை.

"அவரு என்னத்த எடை, ஈரத்துண்டு மாரி" என்று லோகேஸ்வரிக்கு மீண்டும் வாய் திறந்தது. "புடிச்சுக்கவா?"

"பின்னாடி லேசாப் புடி. தள்ளிராத."

நாற்காலி இறங்கியது. பாதி வரையில் மெதுவாக, அதன்பின் அவ்வளவு மெதுவாக அல்ல. சேலை முந்தானை பறந்தது. யாரும் சொல்லாமலே உறுமி மறுபடியும் முழங்கியது. குணசுந்தரி, பள்ளிச் சிறுமி ஊஞ்சலில் கத்துவதைப் போல் ஒரு கத்துக் கத்தினார். தரையைத் தொட்ட வேகத்தில் டத்தோவின் அருகே உருண்டு போய் நின்று, மாலையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"இது உங்களுதுங்க. கொஞ்சம் கசங்கிருச்சு."

டத்தோ குத்துவிளக்கு ஏற்றிச் சுருக்கமாகப் பேசி அமர்ந்தார். விளக்குகள் அணைந்தன. நடுவரிசை முனையில், நடுப்பாதையிலேயே குணசுந்தரி. அடுத்த இருக்கையில் லோகேஸ்வரி. மேடையில் அரசன் அரியணையில் அமரப் போய் வழுக்கி விழ, அரங்கமே அதிர்ந்தது. குணசுந்தரிக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது, நாற்காலியே குலுங்கியது.

பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தட்டினார். "அக்கா, கொஞ்சம் தலைய நகத்துங்கலா. ஒண்ணுமே தெரிய மாட்டுது."

இப்படி ஒரு புகாரைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. குணசுந்தரி முகமெல்லாம் மலரத் திரும்பினார்.

"முடியாது தம்பி" என்று கூறிவிட்டு, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.