நாக்கில் வைத்துப் பார்

கடப்பாக்கத்தில் படகுகள் கரை சேர்வதற்கு முன்பே பரணிதரனின் சோப்புக் கொட்டகையில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். உருகும் தேங்காய் எண்ணெயின் வாசனை நன்றாகத்தான் இருக்கும். கொல்லையில் சரோஜா தண்ணீர் வாளிக்குள் காஸ்டிக் சோடாவைக் கொட்டும்போதுதான் தொண்டையைப் பிடித்து நெரிக்கிற ஆவி கிளம்பும். நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். கடல் காற்று முதுகில் படும்படி நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்ட வேண்டும். காற்று திசை திரும்பினால் இருமிக்கொண்டே ஓட வேண்டும்.

பிறகு அந்த வாளியை உள்ளே தூக்கிப்போய் எண்ணெயில் ஊற்றி, கெட்டியாகும்வரை மரத்துடுப்பால் துழாவ வேண்டும். சரோஜா, பார்வதம், சுஜாதா, கீர்த்தனா என்ற நாலு பெண்களின் தோள்பட்டையில்தான் அந்தக் கம்பெனி ஓடியது. அட்டைப்பெட்டியில் குப்பைமேனியும் வேப்பிலையும் படமாகச் சிரிக்கும். ‘ரசாயனம் துளியும் இல்லை’ என்று பச்சை எழுத்து சத்தியம் செய்யும். காஸ்டிக் இல்லாமல் எந்தச் சோப்பும் உறையாது. அளவாகக் கலந்து வாரக்கணக்கில் காயவைத்தால் அதன் காரம் போய்விடும், கைக்குழந்தைக்கும் தேய்க்கலாம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் பரணிதரனுக்கு அந்தப் பெயரே ஆகாது. கொட்டகைக்குள் அதை உப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கேட்டு அலுத்துவிட்டாள் சரோஜா.

“க்ளவுஸ் மாட்டிக்கிட்டு நின்னா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? கெமிக்கல் ஃபேக்டரின்னு நினைப்பாங்க. நம்மளது சின்ன பிசினஸ். பெரிய கம்பெனிக்காரன் டிவியில விளம்பரம் போடறான். நமக்கு உங்க கைதான் விளம்பரம். நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லையா?” என்பான் பரணிதரன்.

குடும்பம் என்ற சொல்லை எங்கே வைத்துப் பேசுவது என்று இவர்களுக்கெல்லாம் யார்தான் சொல்லிக் கொடுக்கிறார்களோ! அவன் மனைவி சுஷ்மிதா வீடியோ எடுக்கும் நாளில் அவர்களுக்குக் கைத்தறிப் புடவையும் மல்லிகைப்பூவும் கொடுப்பாள். எடுத்து முடித்ததும் புடவையைத் திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொள்வாள்.

மாமல்லபுரத்து ரிசார்ட்டுகளிலிருந்து விருந்தாளிகள் வந்தால் பரணிதரன் ஒரு வித்தை காட்டுவான். அலமாரியிலிருந்து ஒரு சோப்பை எடுத்து, “நாக்கில வைக்கிற அளவுக்குச் சுத்தம்” என்பான். அதைச் சரோஜாவிடம் நீட்டுவான். அவள் நாக்கு நுனியில் தொட்டுக் காட்டுவாள். காரம் மிச்சமிருந்தால் கரண்ட் அடித்தாற்போல் சுரீரென்று இழுக்கும். காய்ந்த சோப்பு என்றால் வெறும் வழவழப்புதான். விருந்தாளிகள் கைதட்டுவார்கள். அவன் நாக்கு ஒருநாளும் வெளியே வந்ததில்லை.

சித்திரை வெயிலில் வாளியின் பிடி இற்றுப்போயிருந்தது. மாற்றச் சொல்லியும் மாற்றவில்லை. பார்வதம் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறும்போது பிடி அறுந்தது. கொதித்த காஸ்டிக் தண்ணீர் எகிறி அவள் முகத்தில் அடித்தது. அவள் போட்ட அலறலில் பக்கத்து வலைக்கொட்டாயில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். சரோஜா அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கண்ணில் தண்ணீர் ஊற்றினாள்.

“சார், இன்னும் ஊத்தணும் சார், வுடாம ஊத்தணும்!” என்று கத்தினாள்.

பரணிதரன் கேட்கவில்லை. பார்வதத்தைக் காருக்குள் தள்ளினான். சரோஜா ஏறப்போனபோது, “நீ வேண்டாம், வேலையைப் பாரு” என்று கதவைச் சாத்தினான். தெரிந்த டாக்டரின் சின்ன கிளினிக்கில், சுடு எண்ணெய் தெறித்துவிட்டது என்று சொன்னான். டாக்டர் களிம்பு போட்டுக் கட்டி அனுப்பினார். மறுநாள் வலி தாங்காமல் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான், காஸ்டிக் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் கழுவியே கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். பார்வதத்தின் இடது கண் போனது. அட்டைப்பெட்டியில் எழுதியிருந்த ஒரு பொய்க்காக ஒரு பெண்ணின் கண்ணைக் கொடுத்தான் அவன். அந்தப் பாவியை மன்னிக்க இந்தக் கதையில் இடமில்லை.

அவளுக்கு ஒரு கூடை நிறையச் சோப்பும் ஷாம்புவும் வைத்து, ரிப்பன் கட்டி அனுப்பினான். அவளே கவனக்குறைவாக எண்ணெயைக் கொட்டிக்கொண்டாள் என்று ஊரில் சொன்னான்.

அடுத்த வாரமே ஒரு பெரிய ரிசார்ட்டுக்கான ஆர்டர் வந்தது. துழாவிக்கொண்டிருந்த துடுப்பைக் கீர்த்தனா நிறுத்தினாள். நால்வரில் சின்னவள் அவள்.

“யக்கா, ஒரு கரண்டி உப்பு கூடப் போட்டுர்லாம். வாங்குறவன் தோலு உரியட்டும். இவன் பேரு சந்தி சிரிக்கட்டும்.”

கரண்டி சரோஜாவின் கையில்தான் இருந்தது. காஸ்டிக் டப்பா திறந்தே இருந்தது. பார்வதத்தின் அலறல் காதிலேயே இருந்தது. போட்டுவிடு, போட்டுவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. அவள் கரண்டியை நிறைத்தும்விட்டாள்.

“அங்க என் தங்கச்சிதான் ரூம் பெருக்குறா” என்றாள் சுஜாதா. “மிச்ச சோப்பெல்லாம் அவதான் வூட்டுக்கு எடுத்தாந்து புள்ளைக்குத் தேய்க்கிறா.”

சரோஜா கரண்டியைத் திரும்ப டப்பாவுக்குள் கவிழ்த்தாள்.

“அளவாப் போடு கீர்த்தனா. இது போயி சேர வேண்டிய எடம் வேற கீது” என்றாள்.

சோப்பு அலமாரியில் காய்ந்து முடிந்ததும் ரிசார்ட் மேனேஜர் வாசுதேவன் பார்க்க வந்தார். சுஷ்மிதா போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். பெண்கள் கைத்தறிப் புடவை கட்டி வரிசையாக நின்றார்கள். கடைசி நிமிடத்தில் பார்வதமும் தன் சொந்தப் புடவையில் வந்து, கறுப்புக் கண்ணாடியோடு அந்த வரிசையில் நின்றாள். பரணிதரன் அவளைப் பார்த்தான், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான்.

“நாக்கில வைக்கிற அளவுக்குச் சுத்தம் சார். சரோஜா, காட்டு.”

“இன்னிக்கு நீங்க வைங்க சார்” என்றாள் சரோஜா.

“என்ன?”

“எப்பவும் நாங்கதான வைக்கிறோம். பார்வதத்துக்குக் கண்ணு போனப்புறம் நாங்க போட்ட சோப்பு இது. நீங்க வைங்க.”

பரணிதரனின் கை பாதியில் நின்றது. சோப்பைப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான். நெற்றியில் வியர்வை பூத்தது. அந்த வியர்வையைப் பார்க்க அவர்களுக்கு எத்தனை இனிப்பாக இருந்தது!

“சும்மா வைங்க சார், இயற்கைதானே” என்று சிரித்தார் வாசுதேவன்.

“எனக்கு… தொண்டை சரியில்லை.”

“தொண்டையா, பயமா?” என்றாள் பார்வதம். “அதுல காஸ்டிக் கீதுன்னு தெரியும்ல உனுக்கு? டாக்டராண்ட மட்டும் எண்ணெய்னு சொன்னியே, ஏன்?”

வாசுதேவனின் சிரிப்பு நின்றது. சுஷ்மிதா போனை இறக்கினாள்.

சரோஜா அவன் கையிலிருந்து சோப்பைப் பிடுங்கித் தன் நாக்கில் வைத்தாள். சுஜாதாவிடம் கொடுத்தாள். சுஜாதா வைத்தாள். கீர்த்தனா வைத்தாள். பார்வதம் வாங்கி, அவன் முகத்தைப் பார்த்தபடியே நாக்கை நீட்டி வைத்தாள்.

“சோப்புல ஒரு கொறையும் இல்ல சார்” என்று வாசுதேவனிடம் சொன்னாள் சரோஜா. “இவராண்டதான் கீது. க்ளவுஸ் வேணும், கண்ணாடி வேணும். பார்வதத்துக்கு வேலையில அடிபட்டுதுன்னு எழுதிக் குடுத்து வைத்தியத்துக்கும் பொழப்புக்கும் வழி பண்ணணும். அதுவரிக்கும் இங்க அடுப்பு எரியாது.”

“இதை முடிச்சிட்டுக் கூப்பிடுங்க பரணி” என்று சொல்லிவிட்டு வாசுதேவன் காரில் ஏறிப் போய்விட்டார்.

“எல்லாரும் வெளிய போங்க! பிச்சைக்காரிங்களா! வேற ஆள் எனக்குக் கிடைக்காதா?”

ஒரே குடும்பம் என்றவன் வாயிலிருந்துதான் இது வந்தது. பெண்கள் தலையில் இருந்த பூவைப் பிய்த்து மேஜையில் போட்டார்கள். வாசற்படியில் சரோஜா திரும்பினாள்.

“நாங்க நக்குனது அந்த ஒன்னுதான். அலமாரி நெறையக் கீது. ஒவ்வொன்னா வச்சிப் பாத்துக்க.”

அவள் ஒன்றும் கலக்கவில்லை. அது அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இரும்புக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. அவர்கள் அதன் எதிரிலேயே மணலில் உட்கார்ந்தார்கள். மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் சுஜாதாவின் புருஷன் காசிநாதன், தொழிற்சங்கத்து ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதாகப் போனில் சொன்னான். நாளைக்குச் செங்கல்பட்டில் தொழிலாளர் ஆபீசுக்குப் போக வேண்டும். வலைக்கொட்டாயிலிருந்து யாரோ ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

பார்வதத்துக்கு மிச்சமிருந்த கண்ணும் வெயிலில் கூசியது. “உள்ள இன்னா பண்றான்?” என்று கேட்டாள்.

கீர்த்தனா எழுந்து கதவு இடுக்கில் பார்த்தாள். பரணிதரன் அலமாரிக்கு முன்னால் தனியாக நின்றிருந்தான். ஒரு சோப்பை வாய்வரை கொண்டுபோனான். இறக்கினான். மறுபடி கொண்டுபோனான்.

“சோப்பக் கையில வச்சிக்கினு நிக்கிறான்க்கா.”

“நாக்குல வச்சானா?”

“இன்னும் இல்ல.”

“நல்லா நிக்கட்டும்” என்றாள் பார்வதம். சரோஜாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். “நாம குந்துவோம்.”