சந்தனம் வைத்த கேமரா

கடலை மிட்டாய் பாட்டிலில் மறுபடியும் குறைந்திருந்தது. அய்யாத்துரை அண்ணாச்சி பாட்டிலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். பிறகு சத்யபிரியாவைப் பார்த்தார். கடையில் அவர்கள் இருவர்தான். அந்த வாரமே மதுரையிலிருந்து ஆள் வந்து கல்லாவுக்கு மேலே கேமரா மாட்டிவிட்டுப் போனான்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறவள் என்பதால் அதன் பொறுப்பும் சத்யபிரியா தலையில் விழுந்தது. தன்னைப் பிடிக்க வந்த கேமராவைத் தானே தினமும் தூசி தட்டினாள். எடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பொட்டலம் மடிக்கிற ஞாபகத்தில் ஒன்றை வாயில் போட்டிருப்போமோ என்று சந்தேகம் வந்து, நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிப் பார்த்துக்கொண்டாள். திருடி என்று பெயர் வாங்கினால் கோவில்பட்டியில் வேறெந்தக் கடையில் சேர்ப்பார்கள்?

படம் நெட் வழியாக அண்ணாச்சி வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போனது. அவர் கடையில் இருக்கும்போது வீட்டில் அதை யார் பார்ப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. சில நாளில் போன் அடித்தது. அவர் சம்சாரம் சொர்ணத்தாய்.

“ஏட்டி சத்யா, களவாணியப் பிடிச்சிட்டேன். போன அவியகிட்ட குடு.”

அவள் போனை அண்ணாச்சியிடம் நீட்டினாள். போனை வாங்கிய அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போனது.

வாங்க வருகிறவர்களுக்கு அண்ணாச்சி ஒரு மிட்டாயை உடைப்பார். பாதி அவர்கள் கையில், பாதி தன் வாயில். கடைக்காரன் தின்னாத சரக்கை எவன் நம்புவான்? சர்க்கரை வியாதிக்காக இனிப்பை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது என்றுதான் அவர் மனசார நம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பாதி, தின்ற கணக்கில் சேராது.

“யாவாரத்துக்குப் பண்ணுதது, அதுல என்ன?”

போனுக்கு வெளியேயும் சொர்ணத்தாய் அக்காளின் குரல் கேட்டது. “அப்ப ஊசியையும் வாரவியளுக்குப் பாதி குத்தி விடுங்க.”

அன்றைக்கு அண்ணாச்சி தன் காசில் சத்யபிரியாவுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

அதிலிருந்து அவர் கை பாட்டில் பக்கம் போனாலே போன் அடித்தது. அப்படியே ஆயுத பூஜை வந்தது. தராசு, கல்லா, கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள்.

“கேமராவும் ஆயுதந்தான. சந்தனம் வை ஏட்டி. கண்ணு நெறைய வை,” என்றார் அண்ணாச்சி.

சொன்னதைத் திருத்தமாகச் செய்வது அவள் பழக்கம். ஸ்டூலில் ஏறி, கண்ணாடி முழுக்க வழித்துப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்தாள். இறங்குவதற்குள் போன்.

“ஒண்ணும் தெரியல ஏட்டி. தொடச்சு விடு. இல்லன்னா நாளையிலருந்து வேலைக்கு வராத.”

அவள் அண்ணாச்சியைப் பார்த்தாள்.

“பூச போட்டத நாளைக்கு மறுபூச முடியாமத் தொடக் கூடாது,” என்றார். “தொட்டா நாளையிலருந்து நீ வர வேண்டாம்.”

ஒரு கையில் போன், மறு கையில் துடைக்கிற துணி. அவள் துணியைக் கல்லா மேல் போட்டாள்.

“அக்கா, காஞ்சா தானா உதுந்துரும்,” என்று போனை வைத்தாள்.

மத்தியானம் எட்டயபுரத்துக்காரர் ஒருவர் வந்தார். அண்ணாச்சி மலர்ந்த முகத்தோடு ஒரு மிட்டாயை உடைத்தார். பாதியை அவரிடம் நீட்டினார். மறு பாதி வாய்க்குப் பக்கத்தில் வந்தபோது, பாட்டில் மூடியில் ‘டக்’ என்று ஏதோ விழுந்தது. மஞ்சளாக ஒரு சில்லு.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெக்கையில் சந்தனம், சித்திரை மாதக் கரிசல் போல நெடுகப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்புக்குள் கண்ணாடி மினுங்கியது. அண்ணாச்சியின் கை அப்படியே நின்றது. போன் இன்னும் அடிக்கவில்லை.