குளம்புக்கடியில் ஒரு முகம்

நாடே இல்லாமல் போன ஜனங்களுக்கு, என்றோ ஜெர்மன்காரர்களை ஜெயித்த சண்டையைப் பார்ப்பதில் அப்படியொரு ஆசை. அந்தச் சண்டையை வைத்து ஓவியர் செவெரின் தீட்டிய புதிய ஓவியத்தைப் பார்க்கக் கிராக்கோவ் நகரமே திரண்டு வந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள்.

விதவை டெக்லா சண்டை பார்க்க வரவில்லை. மகன் கயெத்தானைத் தேடி வந்திருந்தாள். ஓவியத்தில் கொடி பிடிக்கும் வீரனுக்காகச் செவெரின் அவனை உட்காரவைத்து, முகத்தை மட்டும் ஒரு சின்னக் கித்தானில் முன்கூட்டித் தீட்டிப் பார்த்திருந்தார். அதற்கு மறுநாள் நாட்டைப் பிடித்துவைத்திருந்த ஜார் மன்னரின் படையை எதிர்க்கக் காட்டுக்குப் போன பையன் திரும்பவேயில்லை. வீட்டில் அவன் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. அஞ்சாத சிங்கம் என்று ஊரே புகழ்ந்தது. புகழ்ந்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டது. அவள் கறுப்பு உடையோடு தன்னந்தனியாக, வருஷக்கணக்கில் இந்த ஓவியத்துக்காகக் காத்திருந்தாள்.

கொடிக்காரனுக்கு யாருடைய முகமோ இருந்தது. முறுக்கு மீசை வேறு. ஒவ்வொரு முகமாகத் தேடி, கடைசியில் குதிரைக் குளம்புக்கடியில் மகனைக் கண்டாள். வாய் பிளந்து, கையைத் தூக்கிக் கிடக்கும் எதிரிப் படைவீரன்.

நேரே செவெரினின் ஓவியக்கூடத்துக்குப் போனாள்.

"போயும் போயும் என் பிள்ளையையா ஜெர்மன்காரனா ஆக்கணும்? உங்களுக்கு வேற மூஞ்சியே கிடைக்கலையா ஐயா?"

செவெரின் தூரிகையைக் கீழே வைத்தார். "என்னம்மா பண்றது? விடிஞ்சா சண்டைக்குப் போகணும்னு உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் பயம். அந்த முகத்தோட நம்ம கொடியைப் பிடிச்சா ஜனங்க ஒத்துக்குவாங்களா?"

"பொய்! அவன் பயப்படலை."

அவர் தூரிகையை எடுத்துத் துணியில் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்தச் சின்னப் படத்தையாவது குடுங்க."

"அது மேலேயே குதிரைத் தலை வரைஞ்சுட்டேன்மா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்கே போய் அந்த முகத்தை மாத்திடறேன். ஒரு தாடி வெச்சுட்டா யாருக்கும் தெரியாது."

டெக்லா கதவுவரை போய் நின்றாள். மாற்றிவிட்டால் இந்த உலகத்தில் அவன் முகம் எங்கேயுமே இருக்காது.

"தொடாதீங்க" என்றாள்.

மறுநாளும் ஓவியத்துக்கு முன்னால் போய் நின்றாள். பக்கத்திலிருந்த இறைச்சிக் கடைக்காரர் மனைவி அவளை முழங்கையால் இடித்தாள்.

"அந்தப் பயந்தாங்கொள்ளியைப் பாருங்களேன்! அம்மான்னு கத்துறான்போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெக்லா அவனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா" என்றாள். "அம்மான்னுதான் கத்துறான்."