திபாகர்தாவின் கையெழுத்தில் என் நாவல்

செத்துப்போன எழுத்தாளரின் பெட்டியைக் குடைவதைவிடக் கேவலமான வேலை கல்கத்தாவில் ஒன்று உண்டென்றால், குடைந்து எடுத்ததற்கு முன்னுரை எழுதுவதுதான்.

திபாகர் மொய்த்ரா போன சித்திரையில் காலமானார். எங்கள் வங்காளத்துப் பிள்ளைகள் மூன்று தலைமுறையாக விண்வெளிக்குப் போய்வந்ததெல்லாம் அவர் கதைகளில்தான். தை மாதப் புத்தகச் சந்தைக்குள் அவருடைய 'இதுவரை வெளிவராத முதல் நாவல்' வந்துவிட்டது. பெயர், 'சனி வளையத்துத் தபால் நிலையம்'. இருபத்து நான்கு வயதில் எழுதி, கூச்சப்பட்டு ஒளித்து வைத்தாராம். மகன் ஷௌமிக் பரணில் கண்டெடுத்தானாம்.

அதை எழுதியவள் நான். நீலிமா கர். பஹரம்பூரில் பெண்கள் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள்.

நடந்தது இவ்வளவுதான். 1974-இல் நாவலை ஒரு அறிவியல் மாத இதழுக்கு அனுப்பினேன். திபாகர்தா, அதாவது திபாகர் அண்ணன், அங்கே உதவி ஆசிரியர். என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். அந்தக் காலத்து அச்சுக்கோப்பவர்கள் அப்படிப்பட்ட தாளைத் தொடவே மாட்டார்கள். உதவி ஆசிரியர்தான் உட்கார்ந்து முழுவதையும் நல்ல கையெழுத்தில் நகல் எடுத்துத் தரவேண்டும். நூற்றெண்பது பக்கம் எடுத்தார் மனுஷர். நகல் எடுத்த பிறகு மூலத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை, தெருவில் காரப்பொரி விற்கும் ஜால்முடிக்காரனிடம் பொட்டலம் மடிக்கப் போய்விடும். துர்கா பூஜை மலர் அச்சேறுவதற்குள் இதழே மூடிவிட்டது. நகல் அவர் வீட்டுப் பரணில் ஏறியது. நானும் கேட்கவில்லை. கல்யாணம், வேலை, பிள்ளைகளின் பரீட்சைத்தாள் என்று காலம் போயிற்று. அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குமட்டியது புத்தகத்தைப் பிரித்தபோதுதான். கையெழுத்துப் பிரதியின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். ஓரத்தில் திபாகர்தா அச்சுக்கோப்பவருக்கு எழுதிய குறிப்பு: "காற்புள்ளிகளில் கை வைக்காதே. அந்தப் பெண் சண்டைக்கு வருவாள்." முன்னுரை எழுதிய பேராசிரியர் சன்யால் இந்த ஒரு வரிக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார். 'அந்தப் பெண்' இளம் திபாகரின் கனவுக் காதலியாம். அவருக்குள் குடியிருந்து எழுத வைத்த தேவதையாம். பெண் மனத்தை இவ்வளவு ஆழமாக அறிந்த ஆண் எழுத்தாளர் வங்காளத்தில் வேறில்லையாம். அச்சுக்கூட வாசலை மிதிக்காத ஆளை முன்னுரை எழுத விட்டால் இப்படித்தான் வாந்தியெடுத்து வைப்பான்.

என் பெயர் அட்டையில் வரவேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம். ரயிலேறிச் சந்தைக்குப் போனேன்.

பதிப்பகத்தின் கடையில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, அதன்கீழ் உட்கார்ந்து ஷௌமிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அப்பன் எழுதாத புத்தகத்தில் மகன் கையெழுத்து. வாங்கிக்கொண்டவர்கள் புத்தகத்தை நெற்றியில் வேறு ஒற்றிக்கொண்டார்கள். நானும் வரிசையில் நின்றேன்.

"என்ன பேர் போடட்டும் மாஷிமா?" பெரியம்மா முறை வைத்துக் கேட்டான்.

"நீலிமா கர்."

பேனா நின்றுவிட்டது. அப்போதே புரிந்துபோயிற்று எனக்கு, இவனுக்குத் தெரியும். எழுந்து என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

"டீ சொல்லட்டா மாஷிமா?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க எழுதுனதுன்னு அப்பா டைரில இருந்துச்சு. அச்சுக்குப் போனப்புறந்தான் பாத்தேன். அம்மா மேல சத்தியமா."

"அப்பவே வெளிய சொல்றதுக்கு என்ன வந்துச்சு உனக்கு?"

"கோவிச்சுக்காதீங்க. உங்க பேர்ல வந்திருந்தா இத யாரு படிச்சிருப்பாங்க? வரிசை வாசல் வரைக்கும் நிக்குது பாருங்க. உங்க எழுத்துதானே ஜெயிக்குது? சந்தோஷப்படுங்க மாஷிமா."

ஒரு நொடி, ஒரே நொடி, ஆமாம் என்று தோன்றியது. அந்த நொடிக்காக என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

திரையை விலக்கிக்கொண்டு போய், மேசைமேல் இருந்த மைக்கை எடுத்தேன். "இந்த நாவல எழுதுனது திபாகர் மொய்த்ரா இல்ல. நான். அவரு நகல் எடுத்தாரு, அவ்வளவுதான்."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ஷௌமிக் என் தோளில் கைபோட்டு, மைக்கை நோகாமல் வாங்கிக்கொண்டான். சிரித்த முகம். "மாஷிமா அப்பாவோட ரொம்பப் பழைய வாசகி. ஒவ்வொரு வரியும் தானே எழுதுன மாதிரி உணர்றாங்க. ஒரு எழுத்தாளனுக்கு இதவிட என்ன வேணும்? மாஷிமாவுக்கு ஒரு கைதட்டல் குடுங்க!"

தட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பையன் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டான்.

மேசைமேல் கிடந்த அவனுடைய பேனாவை எடுத்தேன். அடுக்கியிருந்த புத்தகங்களில் ஒன்றை இழுத்து, அட்டையில் இருந்த பெயரை அடித்துவிட்டு, கீழே என் பெயரை எழுதினேன். அடுத்தது. அதற்கடுத்தது. பன்னிரண்டாவதை இழுக்கும்போது கடைக்காரன் மணிக்கட்டைப் பிடித்தான். "மாஷிமா, போதும், வீட்டுக்குப் போங்க."

மறுநாளும் போனேன். வரிசை அப்படியேதான் இருந்தது. என் பெயர் எழுதிய பதினோரு பிரதிகளையும் மூலையில் ஒரு ஸ்டூலில் தனியாக அடுக்கி, மேலே ஒரு அட்டை வைத்திருந்தார்கள்.

'கறை பட்டவை. பாதி விலை.'