கெண்ட் சதுக்கத்து விளக்குகள்

எங்கள் மாலை வகுப்பு கெண்ட் நகரத்துக்குச் சுற்றுலா வந்திருந்தது. பார்த்ததையெல்லாம் குறித்து வரவேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அங்குள்ள பழைய கோட்டையின் படிகளை இரண்டு முறை எண்ணினேன். இரண்டு விடைகள் வந்தன. என் மனம் அங்கே இல்லை. அதே ஊர் மருத்துவமனையில் அக்கா லீசலோட் காலையிலிருந்து பிரசவ வலியில் இருந்தாள்.

அந்த மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். உடனே கோட்டைக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் தெருவிளக்குகள் மெல்லப் பிரகாசமாகி அடங்கும்.

அந்தியில் நாங்கள் சதுக்கத்தில் நின்றபோது விளக்குகள் மெல்லப் பிரகாசமாயின. அழுதுகொண்டே அத்தானுக்கு ஃபோன் செய்தேன்.

"இன்னும் பொறக்கலம்மா. அது வேற யாரோட குழந்தையோ."

வெட்கத்தில் குறுகிப்போனேன். வகுப்புத் தோழி ஹில்டே சிரித்தாள். "அழுதது வீணில்லடி. அந்தக் குழந்தைக்கும் ஒரு சித்தி வேணாமா?"

எங்கள் பேருந்து கிளம்பியபோது நான் ஏறவில்லை. "போனா போகட்டும், ரயில்ல போய்க்கலாம்" என்று அவள் என்னோடு நின்றுவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து விளக்குகள் மறுபடி பிரகாசமாயின. இந்த முறை ஃபோனைத் தொடவே பயமாக இருந்தது. அதுவே அடித்தது.

"பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. விளக்கைப் பாத்தியா?" என்றார் அத்தான்.

விளக்குகளைப் பார்த்தபடியே விம்மி அழ ஆரம்பித்தேன். ஹில்டே ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"பாத்துட்டா. பேசற நெலமைலதான் இல்ல."